பெரியப்பாவின் கன்னமும் ஸ்டெம் செல் பொடியும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பெரியப்பாவின் வலது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

2. திட்டு புண்ணானது. புண் கட்டியானது. குழம்பில் காரம் போடாதே என்று பெரியம்மாவிடம் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

3. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கன்னத்தின் உட்புறத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் அவருடைய நெஞ்சுச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள்.

4. காயம் ஆறியதும் கதிர்வீச்சு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள்.

5. பாதிக் கரண்டு வைத்த நிலையில் பெரியப்பா போவதை நிறுத்தினார்.

6. மாப்பிள்ளை, அதாவது பெரியப்பாவின் ஒரே மகளைக் கட்டியவர், கொடுத்த ஸ்டெம் செல் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கினார்.

7. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், அந்தப் பொடியைப் புகழ்ந்து, ஸ்பீக்கரில் என் குரல் ஒலித்தது. நான் அந்தப் பொடியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதாகத்தான் தெரிகிறது. சேர்த்துப் படித்தால் எனக்குக் குமட்டுகிறது.

நான் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். வாய்ப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்குள் என்ன மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. அதனால் சீழும் எச்சிலும் எனக்குப் பழக்கமாகியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். ஆய்வகம் அப்படிப்பட்ட இடமே இல்லை. பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றித்தான் செல்களை வளர்க்கிறோம். அதுகூடப் புட்டிக்குள் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கையுறை, கண்ணாடித் தடுப்பு, ஸ்பிரிட் வாசனை. அருவருப்பு என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது அங்கே அல்ல, ஊரில்.

பெரியப்பா லோடு வண்டி ஓட்டியவர். நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் கருவேல மரத்தை வெட்டிச் சுட்டெடுக்கும் கரியை மூட்டை மூட்டையாக ஏற்றி வெளியூருக்குக் கொண்டுபோவார். ஸ்டியரிங் பிடித்தால் வாயில் புகையிலை இருக்க வேண்டும். டிரைவர் சீட்டு வலது பக்கம், துப்பும் ஜன்னலும் வலது பக்கம். ஆகவே புகையிலையை அடக்கியதும் வலது கன்னத்தில்தான். வண்டியின் வலது கதவில் ஜன்னலுக்குக் கீழே ஒரு செங்காவிக் கறை வழிந்து காய்ந்திருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. சின்ன வயதில் பள்ளிக்கூட லீவுக்கு அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அவர் துப்பினால் காற்றில் திரும்பி வந்து என் கையில் பொட்டுப் பொட்டாக விழும். பாவாடையில் துடைத்துக்கொள்வேன். அந்தச் சூடு இப்போதும் தோலில் இருக்கிறது.

அறுவைக்குப் பிறகு அவருக்கு வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கன்னம் இருந்த இடத்தில் நெஞ்சுத் தோல். நெஞ்சில் முடி இருந்ததால் வாய்க்குள்ளும் முடி முளைத்தது. கஞ்சி குடித்தால் பருக்கை அந்த முடியில் சிக்கும். பெரியம்மா சின்னக் கத்தரிக்கோலை வெந்நீரில் முக்கி எடுத்து, டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வெட்டிவிடுவார். ஒரு முறை லைட்டை என்னிடம் கொடுத்தார். பிடித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கி வருவார்கள். இரண்டையும் அவரால் சாப்பிட முடியாது. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, "எங்க, காட்டுங்க பாப்போம்" என்பார்கள். அவரும் காட்டுவார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, "யாத்தே" என்று சொல்லி, காபி கேட்பார்கள்.

கரண்டு வைப்பது பாதியில் நின்றதை நான் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் யாரும் சொல்லவில்லை. கரண்டு எந்த இடத்தில் பட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவர் கழுத்தில் மையால் போட்டிருந்த கோடு மங்கி அழிந்துபோயிருந்தது. கரண்டு முடியும்வரை அதை அழியவிடமாட்டார்கள்.

"என்ன பெரியம்மா, எப்ப நிறுத்துனீக?"

பெரியம்மா வாசல் பக்கம் பார்த்தார். "மாப்ள சொன்னாக. கரண்டும் பொடியும் ஒண்ணா ஓடக்கூடாதாம். பொடியோட சக்தி போயிருமாம்."

அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மறுத்துப் பேசுவது என்ற பழக்கமே இல்லை. மெத்தை போட்ட நாற்காலி ஒன்றுதான். அதில் அவரைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். அவர் உள்ளே வந்தால் பெரியப்பா, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, கட்டிலிலிருந்து எழுந்திருப்பார். சோற்றில் உப்பில்லை என்று அவர் சொன்னால் எல்லோருக்கும் உப்பில்லாமல் போய்விடும். நல்ல வீட்டில் மாப்பிள்ளையை இப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் பாலவனத்தத்துக்காரர். மில் வேலையை விட்டுவிட்டு, ஆளுக்குக் கீழே ஆளாகச் சேர்த்து இந்தப் பொடி விற்கிற தொழிலுக்குப் போனவர்.

அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"வாங்க வாங்க, சயின்டிஸ்டு கொழுந்தியா! உங்க சப்ஜெக்டைத்தான் நாங்க ஊரு ஊரா கொண்டு போய்ச் சேக்குறோம், தெரியும்ல?"

"இதுல என்ன இருக்கு அத்தான்?"

"பாக்கெட்டுல போட்டிருக்கு, படிங்க. இங்கிலீசுதான."

படித்தேன். மாவுச்சத்து, சர்க்கரை, வாசனை, ஏதோ ஒரு ஆப்பிளின் தூள். "இது மாவும் சக்கரையும் அத்தான். இதுல உயிருள்ள செல்லு எதுவும் இல்ல. இருந்தாலும் நீங்க வெந்நியில போடச் சொல்றீக, வெந்து போயிரும்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "கேக்கணும். படிச்ச பிள்ளைன்னா எதிர்க்கேள்வி கேக்கணும். நம்ம மீட்டிங்குக்கு வாரவகளும் மொதல்ல இதைத்தான் கேப்பாக. அப்புறம் அவுகதான் டாப்புல வருவாக." பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "என்ன மாமா, முந்திக்கு இப்பத் தேவலதானே?"

பெரியப்பா தலையாட்டினார். துண்டில் எச்சில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் கவலை பொடியைப் பற்றி இல்லை. அது வெறும் மாவு. நின்றுபோன கரண்டைப் பற்றித்தான். அறுவையில் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிடுவார்கள். தெரியாமல் மிஞ்சியதைக் கொல்லத்தான் கரண்டு. நடுவில் நிறுத்தினால் மிஞ்சியது வளரும். திரும்ப வளர்ந்துவிட்டால் அவர் பிழைப்பது கஷ்டம். அவர் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போவாரா, மாட்டாரா என்பது மட்டுமே அந்த வீட்டில் பேச வேண்டிய விஷயம். அதை மட்டும் யாரும் பேசவில்லை.

அடுப்படியில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, இந்தப் பொடி கட்டியை வளத்துருமுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நீ சொன்னா பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருவாக."

"அது பொய் பெரியம்மா. பொடி நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது."

"அவன் சொல்றது மட்டும் நெசமாக்கும்?"

மாப்பிள்ளையை 'அவன்' என்று சொல்லிவிட்டதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பயந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அறிவியலின் பெயரால் வாய்க்கு வந்ததைச் சொல்வது மாப்பிள்ளையின் தொழில். அதே கடையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ள விருப்பமில்லை.

மாப்பிள்ளை கிளம்பிய பிறகு பெரியப்பா என்னைக் கட்டிலுக்குக் கூப்பிட்டார். அவர் பேசினால் பாதி எழுத்து எச்சிலில் கரைந்துவிடும். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

"நீ என்ன ஆராய்ச்சி பண்றேன்னு எனக்கு ஒருநாளும் வெளங்கல. இப்பச் சொல்லு. எனக்கே வந்துருச்சுல்ல."

சொன்னேன். கன்னத்தின் உள்தோலில் செல்கள் அடியில் பிறக்கும். பிறந்தது மேலே வர வர முதிரும், தட்டையாகும், கடைசியில் உதிர்ந்து எச்சிலோடு போய்விடும். சரியான நேரத்தில் சாவது அதன் வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு உடம்பு உருவாவதற்கு வேண்டிய அத்தனை கட்டளைகளும் இருக்கின்றன. கருவில் இருந்தபோது 'பெருகு, நகர், சாகாதே' என்று ஓடிய கட்டளைகளும் அதில் உண்டு. முதிர்ந்த செல்லுக்கு அவை தேவையில்லை. அவற்றை வாசிக்கவிடாமல் அடக்கி வைப்பதற்கென்று சின்னச் சின்ன இழைகள் இருக்கின்றன. மைக்ரோஆர்என்ஏ என்று பெயர். அந்தக் கட்டளைகளின் மொழியில் இருபது சொச்சம் எழுத்து நீளம்தான். கட்டளையின் நகலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டளை நடக்காது. லெட்-7 என்று ஒரு குடும்பம் அதில் உண்டு. முதிர்ந்த செல்லில் அது நிறைய இருக்கும். புற்றுநோய்ச் செல்களில் பல நேரம் குறைந்துவிடுகிறது. குறைந்தால், அடங்கிக் கிடந்த கருக்காலத்துக் கட்டளைகள் திரும்ப எழும்பும். செல் தன் வயதை மறந்து, மற்ற செல்களைப் பிறப்பிக்கிற மூலச் செல்லான ஸ்டெம் செல் மாதிரி நடக்க ஆரம்பிக்கும். மருந்துக்கும் கரண்டுக்கும் மற்ற செல்கள் செத்த பிறகும் அது தாக்குப்பிடிக்கும். ஒன்று மிஞ்சினாலும் முழுக் கட்டியையும் திரும்ப உண்டாக்கக்கூடும்.

பெரியப்பா கேட்டுவிட்டு, ஒழுகியதைத் துடைத்துக்கொண்டார். "கருவேலங்கட்டை மாதிரின்னு சொல்லிட்டுப் போயேன். மேல வெட்டுனா தூர்ல இருந்து துளுக்கும். இதுக்குப் போயி இம்புட்டுப் படிப்பா?"

"கருவேலங்கட்டைன்னா பரவால்லையே பெரியப்பா. தூரைத் தோண்டி எடுத்துட்டா முடிஞ்சது. இங்க வெட்டிப் போட்ட கெளையே வேரு விட்டுத் தூராயிரும். எது தூரு, எது கெளைன்னு நிலையா இல்ல."

அவர் துண்டை மடித்து வாயில் திரும்ப அழுத்திக்கொண்டார்.

இந்த வேலையில் என்னை உறுத்துவது இதுதான். எதிரி வெளியிலிருந்து வந்த கிருமியாக இருந்தால் வெறுப்பது எளிது. இது அவருடைய கன்னத்தின் செல். அடக்கும் இழைகள் குறைந்ததும், நேற்று வரை ஒழுங்காக உதிர்ந்துகொண்டிருந்த வம்சத்தில் வந்த ஒன்று, பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. பிள்ளை மாதிரியே பசி, பிள்ளை மாதிரியே வளர்ச்சி. ஒட்டிக்கொள்ள இடமில்லாத தட்டில், சீரம் இல்லாமல், பட்டினி போட்டு விட்டால் சாதாரணச் செல்கள் செத்து மிதக்கும். இந்த மாதிரிச் செல்கள் மட்டும் ஒன்று பலவாகி உருண்டை உருண்டையாகத் திரளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புதுசாக உண்டான கரு மாதிரி வடிவாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது என்னுடன் வேலை செய்கிறவள் "அய்யோ, அழகா இருக்குடி" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொழுக்கட்டையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன்.

"நீங்க அந்தப் பொடியை நம்புறீகளா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"சக்கரைத் தண்ணின்னு தெரியாதா எனக்கு? கன்னத்தைத்தான எடுத்தாங்ய, நாக்கு இருக்குல்ல."

"பின்ன ஏன் கரண்டுக்குப் போகாம இருக்கீக?"

"என் போட்டோவை ஊரு பூரா அனுப்பிட்டாரு மாப்ள. பொடி குடிச்சே சரியாப்போச்சுன்னு. என்னைப் பாத்துத்தான் அவருக்குக் கீழ முக்காவாசிப் பேரு சேந்துருக்காக. நான் இப்பப் போயி கரண்டு வச்சா, அவுக எல்லாம் அவரு சட்டையைப் பிடிப்பாக. அவரு அந்தக் கோவத்தை எங்கிட்டுக் காட்டுவாரு? வீட்டுலதான. அங்க எம் மக இருக்கா."

"அக்காகிட்ட இதைச் சொன்னீகளா?"

"இதைப் போயி பிள்ளைகிட்டச் சொல்லுவாகளா? நீயும் சொல்லாத."

இதைப் பாசம் என்று யாராவது எழுதினால் நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்காமல், மகளுக்காக என்று தானே முடிவு செய்து, வாயை அழுகவிடுவதில் எனக்கு எந்த உயர்வும் தெரியவில்லை. நான் ஒரு வாக்கும் கொடுக்காமல் எழுந்து போனேன்.

அக்காவிடம் தனியாகப் பேசுவது எளிதாக இல்லை. போன் செய்தால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசச் சொல்வார். "நம்ம வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது கொழுந்தியா" என்பார். அக்காவே ஒருநாள் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிறு அருப்புக்கோட்டையில் பெரிய மீட்டிங், அப்பாவும் வருகிறார், நீ கட்டாயம் வர வேண்டும் என்று அவர் சொல்கிறார் என்றாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்டது. வாரேன் என்றேன். மண்டபத்தில் அக்காவைக் கொஞ்ச நேரமாவது தனியாகப் பிடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கீழே பந்திக்கூடத்தில் சாம்பார் கொதிக்கிற வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. மேடையில் கல்யாணத்துக்குக் கட்டிய ஜிகினாத் துணியை அவிழ்க்காமல், அதன் முன்னால் திரை கட்டியிருந்தார்கள். முதலில் இரண்டு படங்கள். ஒன்று, அறுவைக்கு முன் பெரியப்பாவின் வாய், கட்டியோடு. இன்னொன்று, அறுவைக்குப் பின், கட்டி இல்லாமல். நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் மேல் பொடி டப்பா. ஒரு டாக்டர் மணிக்கணக்காக நின்று வெட்டித் தைத்ததை அந்த டப்பாவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். கூட்டம் கைதட்டியது.

"இது நான் சொல்லலைங்க," என்றார் மாப்பிள்ளை மைக்கில். "எங்க வீட்டுலயே ஒரு சயின்டிஸ்டு இருக்காக. கேன்சர் ஆராய்ச்சி. அவுக சொல்றதைக் கேளுங்க."

என் குரல் ஒலித்தது: "ஸ்டெம் செல் மாதிரி ஆயிட்டா அந்தச் செல்லு லேசுல சாகாது அத்தான். எவ்வளவு அடிச்சாலும் தாங்கும். திரும்ப வளந்து வந்துரும்."

அக்கா மகளின் காதுகுத்தில் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னது அது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்து அதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முந்தைய வாக்கியம் 'கேன்சர் செல்லு' என்று தொடங்கியது. அதை வெட்டிவிட்டிருந்தார். நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிக மோசமான உண்மைக்கு மண்டபம் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், "அது என் குரல்தான், நான் சொன்னது கேன்சர் செல்லைப் பத்தி" என்றேன்.

"நீதான் அந்தப் பிள்ளையா? நல்லாப் பேசுற கண்ணு. அப்ப இந்தப் பொடி கேன்சருக்கு நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும் இல்லம்மா. மாவு."

"மாவுன்னா சத்துதான," என்றார் அவர், என் தொடையைத் தட்டிக்கொடுத்து.

அதற்குள் பெரியப்பாவை மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு மாலை. அக்கா துண்டோடு பக்கத்தில் நின்றாள். "மாமா, ஆ காட்டுங்க" என்றார் மாப்பிள்ளை. போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, அதன் கேமராவில் விழுவதைத் திரையில் தெரிகிற மாதிரி வைத்தார். இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்த அந்த வாய் திரை முழுக்க விரிந்தது. உள்ளே நெஞ்சுத் தோல், வெட்டி நாளாகிப்போன முடிகள், எச்சில் நூல். அதற்குப் பின்னால், தையல் ஓரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகச் சொரசொரவென்று ஒரு மேடு. அப்படிப்பட்ட மேட்டை நான் பாடப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். சொந்த மனிதரின் வாயில் பார்த்ததில்லை.

"பாத்தீகளா, க்ளீன்!" என்றார் மாப்பிள்ளை.

திரும்பவும் கைதட்டல். வாயை மூட முடியாமல் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா துண்டால் அவர் தாடையைத் துடைத்தாள். துடைத்தவள் துண்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சட்டென்று இறக்கினாள். அடுத்த நிமிஷம் மேடையின் பின்வழியாக இறங்கிப் போனாள். நானும் எழுந்து போனேன்.

கை கழுவும் தொட்டிக்கிட்டே நின்று துண்டை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முந்தின நாள் கல்யாணத்து எச்சில் இலைகள் குவிந்து ஈ மொய்த்துக் கிடந்தன.

"அதே நாத்தம்டி," என்றாள் என்னைப் பார்க்காமல். "ஆப்பரேசனுக்கு முந்தி இருந்துச்சுல்ல, அதே நாத்தம். அப்பாவைப் பாக்க வாரப்ப ஒரு வாரமாவே லேசா வந்துச்சு. அவருகிட்டச் சொன்னேன். பொடி உள்ள இருக்கிற கெட்டதை வெளிய தள்ளுதுன்னாரு."

"நான் இப்பத் திரையில பாத்தேங்க்கா. தையல் ஓரத்துல திரும்ப வந்துருக்கிற மாதிரி தெரியுது. டெஸ்ட்டு பண்ணித்தான் உறுதியாச் சொல்ல முடியும். கரண்டை நிறுத்தியிருக்கவே கூடாது."

"அப்பாதான வேணாம்னாரு? பொடி ஒத்துக்கிருச்சு, கரண்டு ஒத்துக்கலைன்னு என்கிட்டச் சொன்னாரு."

அவர் சொல்லாதே என்றதைச் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அக்கா துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்து முடிந்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்காகவா? என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா? இவரு கத்துவாரு. தட்டைத் தூக்கி எறிவாரு. ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அப்புறம் சோறு போடும்பாரு. கட்டுன நாள்ல இருந்து பாக்குறேன். அதுக்காக எங்கப்பா சாகணுமா?" பிறகு மெதுவாக, "நீங்க எல்லாம் என்னைய என்னன்னுடி நெனச்சீக?" என்றாள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்வழியை விட்டு, மண்டபத்தின் நடுவழியாகவே நடந்து மேடைக்குப் போனாள்.

"அப்பா, எந்திரிங்க. பஸ்ஸு போயிரும்."

"இரும்மா, மாப்ள..." என்றார் பெரியப்பா.

"மாப்ள இங்கதான் இருப்பாரு. நீங்க எந்திரிங்க. மதுரைக்குப் போறோம்."

மைக் திறந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளை சிரித்த முகம் மாறாமல், "மாமாவுக்குக் கொஞ்சம் டயர்டு. பெரிய கை தட்டி அனுப்புங்க" என்றார். தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவில் அக்கா அவர் கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்து, கையைப் பிடித்து இறக்கினாள். பெரியப்பா ஒருமுறை மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கிற அனுமதியை அப்போதும் அவரிடம்தான் தேடினார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மதுரைப் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் அவரை உட்கார வைத்தோம். பஸ் காரியாபட்டியைத் தாண்டியது. அதன் பிறகு அக்கா, "இனிமே எனக்காகன்னு எதுவும் பண்ணாதீக, என்னைக் கேக்காம" என்றாள். அவர் தலையாட்டினார். மறுநாள் காலை மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

இப்போதைய நிலை இது. விட்ட இடத்திலிருந்து கரண்டைத் தொடர முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சதையை எடுத்துப் பரிசோதித்ததில் நோய் திரும்பியிருப்பது உறுதியானது. கரண்டை நிறுத்தாமல் இருந்திருந்தால் திரும்பியிருக்காதா என்று பெரியம்மா கேட்டார். இடைவெளி நிச்சயம் கெடுதல், ஆனால் அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டாவது அறுவையில் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். பெரியப்பா மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறார், பேச்சு இல்லை. காயம் ஆறியதும் அடுத்து என்ன என்று சொல்வதாக இருக்கிறார்கள். அக்கா தன் மகளோடு பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். திரும்பிப் போவதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. மாப்பிள்ளை பெரியப்பாவின் படத்தை எடுத்துவிட்டு வேறொருவரின் வாயைப் போட்டிருக்கிறார். என் குரலை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்டேன், புகாரும் கொடுத்தேன். அது இன்னும் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில், குறைந்துபோன லெட்-7ஐ வெளியிலிருந்து திரும்பச் செலுத்தினால் அந்தச் செல் உருண்டைகள் சிறுத்துப்போகின்றன. தட்டில் மட்டும். பெரியப்பாவுக்குக் கொடுக்கிற மாதிரி மருந்தாக அது எங்களிடம் இல்லை.